ஓக்லியில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடை: பலகையை விட்டுத் தாளைப் பாருங்கள்

மெல்பேர்ணின் ஓக்லிப் பகுதியில் கிரேக்கச் சாப்பாட்டுக்கடைகளுக்குக் குறைவில்லை. ஈட்டன் மோல் நடைபாதை முழுக்க மேசை போட்டு, கோப்பியும் கேக்குமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கேதான் இருக்கும். நான் எழுதுவது அந்த வரிசையில் இல்லாத, பக்கத்துத் தெருவில் இருக்கும் எட்டு மேசைக் கடையைப் பற்றி. மகள் சமைக்கிறார், பேரன் பரிமாறுகிறான், பின்பக்க மேசையில் தொண்ணூறு வயதைத் தாண்டிய தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். தாயாரின் கதையை எழுத அனுமதி கேட்டபோது, கடையின் பெயரைப் போடவேண்டாம் என்பது ஒன்றைத்தான் மகள் நிபந்தனையாகச் சொன்னார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். கடைத்தெருவில் விசாரித்தால் யாரும் காட்டிவிடுவார்கள்.

நான் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் தாதியாக வேலை செய்பவள். எங்கள் இல்லத்தில் கிரேக்க மூதாட்டிகள் பலர் இருக்கிறார்கள். மறதிநோய் முற்றியவர்கள், ஐம்பது அறுபது வருடம் பேசிய ஆங்கிலத்தைக் கைவிட்டுப் பிறந்த ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தட்டில் மிஞ்சிய பாண் துண்டைக் கைத்துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைக்கிறவர்களும் அவர்களிடையே உண்டு. புதிதாக வந்த இளம் பணியாளர்கள் அதை அசுத்தம் என்று எடுத்து எறிந்துவிடுவார்கள். அன்றிரவு அந்த அம்மா தூங்கமாட்டார். அப்படி ஒருவரின் மகள்தான், "எங்கள் அம்மாக்கள் எதைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்று அறிய வேண்டுமென்றால் அங்கே போய்ப் பாருங்கள்" என்று இந்தக் கடையைக் காட்டினார். அன்றிலிருந்து அடிக்கடி போகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் சுவரில் பெரிய பலகை. சுவ்லாக்கி, ஆட்டுத்தொடை, முசாக்கா, பொரித்த கணவாய் எல்லாம் வண்ணப் படத்தோடு. வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்த்தே கேட்கிறார்கள். காசு வாங்கும் மேசையின் ஓரத்தில் கிரேக்க எழுத்தில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மூன்று நான்கு வரிதான். புதன், வெள்ளியில் மட்டும் கொஞ்சம் நீளும். ஒர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, முட்டை, பால் ஒதுக்கும் நோன்பு நாட்கள் அவை. கீரை, அவரை விதைச் சூப், வினாகிரி விட்ட பருப்பு, சனிக்கிழமையானால் சோளப் பாண். இந்தக் கடைக்கு ரயில் ஏறிப் போக வேண்டிய காரணம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அவற்றை யாரிடமிருந்து மகள் கற்றார், அந்தத் தாய் அவற்றை எந்த நாளில் கற்றார் என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ஒவ்வொரு கவளத்துக்கும் மதிப்புக் கூடுகிறது.

கீரையிலிருந்து தொடங்குகிறேன். 'ஹோர்த்தா' என்று கேளுங்கள். கோடையில் போனால் கிடைப்பது 'வ்லீத்தா' என்ற வகை. தட்டு முன்னால் வந்ததும் நான் பேரனிடம் இரண்டாவது முறையாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன், ஏனென்றால் அது நம் முளைக்கீரையின் இனம். அதே சிவப்போடிய தண்டு, அதே மண்வாசம். நாம் கடைவோம், பால் விடுவோம், உள்ளி தட்டிப் போடுவோம். இங்கே அப்படி எதுவும் இல்லை. தண்டோடு கொதிநீரில் போட்டு, தண்டு விரலுக்கு நசிகிற பதத்தில் எடுத்து வடித்து, இளஞ்சூட்டில் ஒலிவ் எண்ணெயும் உப்பும் தேசிக்காய்ச் சாறும். அவித்த தண்ணீரையும் கொட்டுவதில்லை. அதில் தேசிக்காய் பிழிந்து, கேட்பவர்களுக்குக் குவளையில் கொடுக்கிறார்கள், கட்டாயம் கேளுங்கள். குளிர்காலத்தில் வரும் ராடிகியா என்ற கீரை நன்றாகக் கசக்கும். பாகற்காய் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் கோடை வரை காத்திருக்கலாம்.

எல்லோரும் அந்தத் தாயாரை 'யயா' என்றே கூப்பிடுகிறார்கள், பாட்டி என்ற உறவில். நானும் அப்படியே. அவர் கீரை ஆய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் நகத்தால் கணுவைக் கிள்ளி இழுக்கிறார், நார் ஒரே இழையாக உரிந்து வருகிறது. இளசு வலப்பக்கம், முற்றல் இடப்பக்கம். முற்றலை எறிய விடமாட்டார், அது பிட்டா என்கிற அடைக்குள் போகும். வேர்ப்பக்கத்து மண்ணை மட்டும் துண்டில் துடைத்துத் தள்ளுகிறார். கண்பார்வை மங்கிவிட்டது, வேலை முழுக்க விரல் நுனியில்தான் நடக்கிறது.

அவர் பிறந்தது 1933இல், வடமேற்குக் கிரேக்கத்தின் எபிரஸ் மலைப்பகுதியில், இயோனினா நகருக்கு வடக்கே, அல்பேனிய எல்லையை ஒட்டிய கிராமமொன்றில். 1940 ஒக்ரோபர் 28ஆம் திகதி இத்தாலியப் படை அந்த எல்லையைத் தாண்டி வந்தபோது அவருக்கு வயது ஏழு. கோவேறு கழுதை ஏறமுடியாத செங்குத்தான பாதைகளில் வெடிமருந்துப் பெட்டிகளைப் பெண்கள் முதுகில் கட்டிச் சுமந்தார்கள். பிண்டஸ் மலைப் பெண்கள் என்று இன்றும் கிரேக்கத்தில் அவர்களைக் கொண்டாடுகிறார்கள், சிலை வைத்திருக்கிறார்கள். யயாவின் தாயும் அவர்களில் ஒருவர். "அம்மா திரும்பி வரும்போது கயிறு அறுத்த இடத்தில் தோள் புண்ணாகியிருக்கும். பன்றிக் கொழுப்பைச் சூடாக்கி நான்தான் பூசுவேன்" என்றார். போர் பற்றி அவரிடம் கேட்டால் முதலில் வருவது இந்தக் கொழுப்பின் மணம்தான்.

இத்தாலியரைத் துரத்திய சந்தோஷம் குளிர்காலம் முடியும்வரைதான். 1941 ஏப்ரலில் ஜேர்மன் படை இறங்கியது. அந்த மாதம் 27ஆம் திகதி ஏதென்ஸ் வீழ்ந்தது. நாட்டை ஜேர்மனி, இத்தாலி, பல்கேரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டன. விளைந்ததையும் களஞ்சியத்தில் இருந்ததையும் ஆக்கிரமித்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். கடல்வழியைப் பிரித்தானியா அடைத்துவைத்திருந்தது. ஒரு மாகாணத்துத் தானியம் மற்ற மாகாணத்துக்குப் போக வழியில்லை. இறக்குமதிக் கோதுமையை நம்பியிருந்த ஏதென்ஸும் பிரேயஸ் துறைமுகமும் 1941-42 குளிர்காலத்தில் பட்டினியில் விழுந்தன. விடியற்காலையில் தெருவில் கிடந்த பிணங்களை மாநகர வண்டிகள் அள்ளிச் சென்றன. ஆக்கிரமிப்பு முடிவதற்குள் பசியாலும் பசி கொண்டுவந்த நோயாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் என்கிறார்கள். நடுநிலை நாடாக இருந்த துருக்கியிலிருந்து குர்துலுஷ் என்ற கப்பல் உணவு கொண்டுவந்தது, 1942 ஜனவரியில் மர்மரா கடலில் அதுவும் மூழ்கியது. அந்த வருடம் பிற்பகுதியில் செஞ்சிலுவைச் சங்க ஏற்பாட்டில் சுவீடன் கப்பல்கள் கனடாக் கோதுமையோடு வரத் தொடங்கிய பிறகுதான் நகரத்தில் சாவு குறைந்தது. பிரேயஸில் இருந்த தன் சித்தி அந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார் என்று யயா சொன்னார். மலையில் இருந்த இவர்கள் தப்பியதற்குக் காரணம் ஆடு, சோளம், கீரை. எந்தச் செடி உண்ணத்தக்கது, எது வயிற்றைக் கெடுக்கும் என்பதை ஒன்பது வயதில் தாயின் பின்னால் நடந்து கற்றிருக்கிறார்.

சோளப் பாணுக்கு வருகிறேன். 'பொபோத்தா' என்று பெயர். இன்றைக்குப் பல கடைகளில் தேன், தோடம்பழச் சாறு, முந்திரிகை வற்றல் எல்லாம் போட்டு அதைக் கேக்காக்கிவிட்டார்கள். இந்தக் கடையில் சோளமா, வெந்நீர், உப்பு, தட்டில் பூசிய எண்ணெய், அவ்வளவுதான். மேலே பாளம் பாளமாக வெடித்து, அடி கருகலுக்குச் சற்று முந்தின நிறத்தில் வருகிறது. உள்ளே கனமாக, ஈரமாக, மாவின் இனிப்போடு இருக்கும். ஆட்டுப்பாற்கட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: பதினொரு மணிக்கு முன் போங்கள். மத்தியானம் தாண்டினால் அது கல். சூடாக்கித் தருகிறோம் என்பார்கள், வேண்டாம்.

யயா இந்தப் பாணைத் தொடுவதில்லை. கோதுமைக் கனவோடு நான்கு வருடம் இதையே தின்ற தலைமுறை அது. அவர்களில் பலர் போருக்குப் பிறகு சோளமாவை வீட்டுக்குள் விடவில்லை. மகள் இதைச் சுடத் தொடங்கியபோது தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டையாம். "விருந்தாளிக்கு இதைக் கொடுப்பது வெட்கம்" என்பது தாயின் கட்சி. ஆனாலும் சனிக்கிழமை காலையில் மாவின் பதத்தைப் பார்ப்பது அவர் கைதான். தண்ணீர் குறைந்தால் குசினிக்குள்ளிருந்து குரல் கேட்கும்.

எனக்கு அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் புரிகிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் எதையெல்லாம் காய்ச்சிக் குடித்தோமோ, அவற்றை என் தாய் இன்று என் பிள்ளைகளுக்குக் காட்டவும் விரும்புவதில்லை. அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பது என் எண்ணம். மகளின் பக்கம் நின்றுகொண்டுதான் அந்தப் பாணை வாங்குகிறேன்.

தாளில் அடுத்தது 'த்ரகனா'. புளித்த பாலில் உடைத்த கோதுமையைக் கிண்டி, ஆவணி வெயிலில் உதிரியாகக் காயவைத்து, துணிப்பையில் சேமிப்பது. வருடம் முழுக்கக் கெடாது. கஞ்சியாகக் காய்ச்சித் தருகிறார்கள். புளிப்பும் பால்மணமும் கலந்து, மோர் விட்ட கஞ்சி பழகியவர்களின் நாக்கில் உடனே ஒட்டிக்கொள்ளும். இங்கே விற்பனைக்கு வரும் பொதிப் பொருளை மகள் வாங்குவதில்லை. கடையின் பின்முற்றத்தில் மாசி வெயிலில் வெள்ளைத்துணி விரித்துக் காயப்போடுகிறார்கள், அவுஸ்திரேலியாவில் கோடை அப்போதுதான். 1943 இலையுதிர் காலத்தில் ஜேர்மன் மலைப்படைப் பிரிவு எபிரஸ் கிராமங்களை ஒவ்வொன்றாக எரித்தபோது யயாவின் வீடும் எரிந்தது. மேலே ஆட்டுப்பட்டியில் தந்தை ஒளித்துவைத்திருந்த ஒரு பை த்ரகனா தப்பியது. அந்தக் குளிர்காலத்தைப் பட்டியிலேயே, ஆடுகளின் சூட்டில், அந்தப் பையை அளந்து அளந்து காய்ச்சிக் கழித்தார்கள். பணத்துக்கு அப்போது பெறுமதியில்லை. 1944 நவம்பரில் புதிய திராக்மா வந்தபோது, பழைய ஐயாயிரம் கோடிக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். உப்பும் எண்ணெயும்தான் காசு.

விடுதலைக்குப் பிறகு, அரசாங்கப் படைக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர். 1946 முதல் 1949 வரை அதே மலைகளில்தான் கடைசிச் சண்டைகள் நடந்தன. கெரில்லாக்களுக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று அரசாங்கப் படை மலைக்கிராமங்களை வெறுமையாக்கி மக்களை நகரங்களுக்கு இறக்கியது. யயா இயோனினாவில் ஒரு கொட்டகையில் வளர்ந்து பெரியவளானார். தமையன் மலைக்குப் போனவர், திரும்பவில்லை. இதைப்பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அவர் நாட்டைவிட்டு வந்த காரணத்தை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: சீதனம். வீடு எரிந்து, நிலம் தரிசாகி, தந்தையும் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று பெண்களுக்கு எங்கிருந்து கொடுப்பது? கிரேக்கத்தில் சீதனத்தைச் சட்டம் நீக்கியது 1983இல்தான். அவுஸ்திரேலியாவுக்குப் போன ஆண்களோ சீதனம் கேட்கவில்லை, ஊர்ப்பெண் போதும் என்றார்கள். 1952இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி உதவிப் பயணச்சீட்டும் கிடைத்தது. மணமாகாத பெண்களுக்குக் கப்பலேறுமுன் வீட்டுவேலைப் பயிற்சியும் கொஞ்சம் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்கள். படத்தைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். யயா 1961இல், இருபத்தெட்டு வயதில், பிரேயஸில் 'பட்ரிஸ்' கப்பல் ஏறினார். தாயகம் என்று அந்தக் கப்பலுக்குப் பெயர். சுயெஸ் கால்வாய், ஏடன், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில், பிறகு மெல்பேர்ணின் ஸ்டேஷன் பியர். துறைமேடையில் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்குப் படத்தில் இருந்ததைவிடத் தலைமுடி குறைவாம். "நல்ல மனிதர். முதல்நாளே எனக்குக் கோதுமைப் பாணும் வெண்ணெயும் வாங்கித் தந்தார்" என்று சொல்லும்போது யயாவின் முகம் மலர்ந்தது.

கணவருக்கு டண்டினோங்கில் கார்த் தொழிற்சாலை வேலை. இவருக்குப் பகலில் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை, இரவில் வீட்டிலேயே துண்டுக்கணக்குத் தையல். அந்நாளில் இங்கே ஒலிவ் எண்ணெயை மருந்துக்கடையில் சிறு போத்தலில்தான் விற்றார்கள், காதுவலிக்கு விடுவதற்கு. கிரேக்கப் பெண்கள் அதை வாங்கிக் கீரைக்கு ஊற்றினார்கள். கீரையோ ரயில் பாதையோரத்திலும் காலி வளவுகளிலும் யாரும் சீண்டாமல் வளர்ந்து கிடந்தது. குனிந்து பிடுங்கினால் அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலால் பார்ப்பார்கள். யயா பார்வையைப் பொருட்படுத்தவில்லை. "பஞ்சத்தில் பிடுங்கியதைப் பணமிருக்கும்போதும் பிடுங்கினேன், ருசி பிடித்துப்போய்விட்டது" என்றார். அந்த வருடங்களில் என்னைப் போன்ற நிறத்தவர்களுக்கு இந்த நாட்டின் கதவு திறந்திருக்கவில்லை. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை முற்றாக ஒழிந்தது 1973இல். யயாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அது புதுச்செய்தி. பேரனை அழைத்து உண்மையா என்று விசாரித்தார். பிறகு தன் தட்டிலிருந்த அத்திப்பழத்தை என் பக்கம் தள்ளினார்.

இனிக் குறைகளைச் சொல்லவேண்டும். பலகையில் உள்ள பண்டங்களைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஆட்டுத்தொடை ஒருநாள் எலும்பிலிருந்து கழன்று விழும், மறுநாள் இழுத்தாலும் வராது. முசாக்காவை முதல்நாள் செய்து சூடாக்குகிறார்கள்; மேலே பூசிய வெள்ளைக்களி இரண்டு விரல் தடிப்பு, கத்தரிக்காயைத் தேட வேண்டியிருக்கிறது. கணவாய் உறைபொருள். தேவாலயம் முடிந்து ஞாயிறு மத்தியானம் கூட்டம் வந்துவிட்டால் பேரன் ஒருவனால் சமாளிக்க முடியாது, முக்கால் மணிநேரம் காத்திருக்க நேரும். பேரனின் ஆங்கிலம் வேகம், பொறுமை குறைவு. தாளில் இருப்பதை மொழிபெயர்த்துச் சொல்லச் சலித்துக்கொள்கிறான். கையில் காசு இல்லாமல் அட்டை நீட்டினால் மேலதிகக் கட்டணம் உண்டு, அதை எங்கும் எழுதிவைக்கவில்லை.

அவரை விதைச் சூப்பில் குறைசொல்ல ஒன்றுமில்லை. 'பசோலாடா'. வெள்ளை அவரை, கரட், செலரி, தக்காளி, மெல்லிய தீயில் காலையிலிருந்து வெந்து, தோல் கழலாமல் உள்ளே வெண்ணெயாகியிருக்கும். ஒரு கிண்ணத்தோடு பாண், ஒலிவக்காய், நறுக்கிய பச்சை வெங்காயம். பதினாறு டொலர். பசியோடு போகிறவர்களுக்குத் தாராளம். பாணை முடித்துவிட்டால் கேளாமலே மறுபடி வைப்பார்கள். பாண் கூடையை வெறுமையாக ஒரு மேசையிலும் இருக்க விடுவதில்லை, அது யயாவின் உத்தரவு. மிஞ்சினால் சுற்றித் தருகிறார்கள், வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

கடைசியில் கிரேக்கக் கோப்பி. சீனி எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே சொல்லவேண்டும், தூளோடு சேர்த்துத்தான் காய்ச்சுவார்கள். அதோடு சிறுகரண்டியில் பாகில் ஊறிய தோடம்பழத்தோலும் ஒரு குவளை தண்ணீரும். வந்தவரை உபசரிக்கும் பழைய முறை அது, அதற்குக் காசு வாங்குவதில்லை.

தாளில் உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பலகைக்கு ஏற்றுங்கள் என்று மகளிடம் வற்புறுத்திக்கொண்டிருக்கிறேன். "கீரைக்குப் பதினான்கு டொலர் கொடுக்க யார் வருவார்கள், உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும்தான்" என்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டண்டினோங்கிலிருந்து வருகிறவர்களுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஓக்லி நிலையத்திலிருந்து நடைதூரம். புதனோ வெள்ளியோ நல்லது, பன்னிரண்டு மணிக்கு முன். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் கிழமைகளில் தாள் இரண்டு பக்கமாகிவிடும். பெரிய வெள்ளியன்று வினாகிரி விட்ட பருப்பு ஒன்றுதான் அடுப்பில், அன்று கூட்டமும் இல்லை. பேரன் பலகையைக் காட்டினால் பின்பக்க மேசைக்கு நேராகப் போய் யயாவிடமே கேளுங்கள். காது சற்று மந்தம், கிட்டப் போய்ப் பேசவேண்டும்.